புதிதாகப் பொருத்திய கணினி உயிர்பெறவில்லையா? மின்சாரத்தின் பாதையைப் பின்தொடருங்கள்

பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணினி பொருத்தும் மாணவர்கள் இன்று பல பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மறுநாள் வகுப்புக்கு வந்து, "சார், எல்லாத்தையும் மாட்டியாச்சு. பட்டனை அமுக்கினா ஒண்ணுமே ஆகல. போர்டு போச்சுன்னு நினைக்கிறேன்" என்று முகம் வாடி நிற்பார்கள். போர்டு போயிருக்கலாம். ஆனால் புதிதாகப் பொருத்திய கணினியில் ஏதாவது ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கும் அல்லது பாதி மட்டும் செருகப்பட்டிருக்கும் வாய்ப்பே அதிகம். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரை பழுதைத் தேடும் முறையை விளக்குகிறது. படிவம் மூன்று அறிவியலிலும் படிவம் ஐந்து இயற்பியலிலும் நாம் கற்பிக்கும் பியூஸ், எர்த், மின்திறன், மின்தடை ஆகிய அனைத்தும் ஒரே பெட்டிக்குள் வேலை செய்வதை இங்கே காணலாம். கணினி வைத்திராத மாணவருக்கும் இது பயன்படும்.

தொடங்கும் முன் மூன்று விதிகள்

1. கை உள்ளே போகும் முன் பிளக் வெளியே வரவேண்டும். சுவர் சுவிட்சை அடைத்து, பிளக்கைக் கழற்றி, கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் இறங்கிவிடும். பாகங்களைத் தொடும் முன் கேசிங்கின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டால் உடலில் சேர்ந்த நிலைமின்னும் போய்விடும்.

2. பவர் சப்ளைப் பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது இருபடி சராசரி மூல மதிப்பு. அதன் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். இன்றைய பவர் சப்ளைகள் பலவற்றில் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கி 400 வோல்ட்டுக்கு அருகில் மின்னேற்றப்படுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும்.

3. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். ராமையும் மாற்றி, வயரையும் மாற்றி, பிளக்கையும் வேறு இடத்தில் சொருகினால், கணினி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அறிவியல் ஆய்வில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றைக் கட்டுப்படுத்தச் சொல்வதும் இதற்குத்தான்.

பாதையை மூன்றாகப் பிரியுங்கள்

மின்சாரம் வரும் வழியை மூன்று பகுதிகளாகப் பிரித்தால் தேடுவது எளிது.

முதல் பகுதி: சுவரிலிருந்து பவர் சப்ளை வரை. இங்கே ஓடுவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம்.

இரண்டாம் பகுதி: பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டு வரை. இங்கே 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டம்.

மூன்றாம் பகுதி: கேசிங்கின் முன்புறப் பொத்தானிலிருந்து மதர்போர்டு வரை. இங்கே மெல்லிய இரண்டு வயர்களில் ஒரு சிறு சமிக்ஞை மட்டுமே போகிறது.

பழுது எந்தப் பகுதியில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகே உள்ளே இறங்குங்கள்.

முதல் பகுதி: சுவரிலிருந்து பவர் சப்ளை வரை

அதே சாக்கெட்டில் மேசை விளக்கு ஒன்றைச் சொருகிப் பாருங்கள். எரிந்தால் சாக்கெட் சரி. எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தினால் அதை விட்டுவிட்டு நேரே சுவரில் சொருகிப் பாருங்கள். பிறகு மூன்று முனைப் பிளக்கில் இருக்கும் பியூஸ். அது போயிருந்தால், இருந்த அளவிலேயே புதிய பியூஸ் போடுங்கள். பியூஸ் காப்பது வயரை. மெல்லிய வயருக்கு 13 ஆம்பியர் பியூஸ் போட்டால், பியூஸ் உருகும் முன் வயர் சூடாகி எரியலாம்.

அடுத்து, பவர் சப்ளையின் பின்புறத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு கோடு போட்டிருக்கும் பக்கம் அழுந்தியிருந்தால் இயக்கம். வட்டம் போட்டிருக்கும் பக்கம் அழுந்தியிருந்தால் நிறுத்தம். இதை மறப்பவர்கள் நிறையப் பேர். பழைய அல்லது மலிவான சில பவர் சப்ளைகளில் இதனருகே சிவப்பு நிறத்தில் 115, 230 என்று தேர்வு செய்யும் சுவிட்சும் இருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது 230இல்தான் இருக்கவேண்டும். 115இல் வைத்துச் சொருகினால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. ஆகவே முதன்முறை சொருகும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பகுதி சரியா என்பதற்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பல மதர்போர்டுகளில் அப்போது ஒரு சிறு விளக்கு எரியும். அது எரிந்தால் முதல் பகுதியில் குறையில்லை என்று அடுத்ததற்குப் போகலாம். எல்லாப் போர்டிலும் இந்த விளக்கு இருப்பதில்லை. எனவே எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டாம் பகுதி: பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டு வரை

மதர்போர்டுக்கு இரண்டு பெரிய இணைப்புகள் கட்டாயம் வேண்டும். ஒன்று 24 முனை கொண்ட அகலமான இணைப்பு. மற்றொன்று பிராசசருக்கு மட்டும் மின்சாரம் தரும் 8 முனை இணைப்பு. சில போர்டுகளில் 4 முனை. இந்த இரண்டாவது இணைப்பு போர்டின் மேல் மூலையில் இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடும். அதை மாட்டாவிட்டால் மின்விசிறிகள் சுற்றும், விளக்குகள் எரியும், ஆனால் திரையில் ஒன்றும் வராது.

24 முனை இணைப்பை அழுத்தும்போது அதன் கொக்கி 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். "மாட்டிட்டேன் டீச்சர்" என்று மாணவர் சொன்னாலும், கொக்கி பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது நல்லது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, பிராசசருக்கான 8 முனையும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 முனையும் ஒன்றல்ல. பிராசசர் இணைப்பில் நான்கு முனைகள் 12 வோல்ட், நான்கு தரை. கிராபிக்ஸ் கார்டு இணைப்பில் மூன்று முனைகள் 12 வோல்ட், ஐந்து தரை. அமைந்திருக்கும் பக்கமும் நேர்மாறு. துளைகளின் வடிவம் வேறாக இருப்பதால் ஒன்று மற்றதில் எளிதில் போகாது. போகவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள்.

இரண்டாவது, வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய பவர் சப்ளைகளில், ஒன்றின் வயரை வேறொன்றில் பயன்படுத்தக் கூடாது. மதர்போர்டுப் பக்க முனைகளுக்கு ஒரே தரநிலை உண்டு. பவர் சப்ளைப் பக்க முனைகளுக்கு அப்படி இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்கு இடையேகூட வரிசை மாறலாம். அண்ணனின் பழைய கணினியிலிருந்து எடுத்த வயர் அழகாகப் பொருந்தும். ஆனால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து ஹார்ட் டிஸ்க்கை எரித்துவிடும்.

வண்ண வயர்கள் உள்ள பவர் சப்ளையில் நிறமே மின்னழுத்தத்தைச் சொல்லும்:

- மஞ்சள்: +12 வோல்ட் (11.4 முதல் 12.6 வரை சரி)
- சிவப்பு: +5 வோல்ட் (4.75 முதல் 5.25 வரை சரி)
- ஆரஞ்சு: +3.3 வோல்ட் (3.14 முதல் 3.47 வரை சரி)
- ஊதா: 5 வோல்ட் காத்திருப்பு
- நீலம்: −12 வோல்ட்
- கறுப்பு: தரை
- பச்சை: 'ஓடு' என்று பவர் சப்ளைக்குச் சொல்லும் வயர்
- சாம்பல்: 'எல்லா மின்னழுத்தமும் சரி' என்று போர்டுக்குத் தெரிவிக்கும் வயர்

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் நேர்திசை 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு ஊசியைக் கறுப்பு வயரிலும் சிவப்பு ஊசியை மஞ்சளிலும் வைத்துப் பார்க்கலாம். இன்றைய பவர் சப்ளைகள் பலவற்றில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும். அங்கே நிறத்தை நம்ப முடியாது; ஊகித்து ஊசியைக் குத்தவும் கூடாது. கடைகளில் கிடைக்கும் பவர் சப்ளை டெஸ்டரை 24 முனையில் சொருகினால் அதுவே அளவைக் காட்டும்.

மூன்றாம் பகுதி: பொத்தான்

கேசிங்கின் பவர் பொத்தான் மின்சாரத்தை நேரடியாகத் திறப்பதில்லை. வீட்டுக் கதவின் அழைப்பு மணியைப் போல அது ஒரு சொடுக்கு மட்டுமே. பொத்தானை அழுத்தியதும் இரண்டு மெல்லிய வயர்கள் ஒரு கணம் இணைகின்றன. அதைக் கண்ட மதர்போர்டு பச்சை வயரைத் தரையோடு சேர்க்கிறது. அதன் பிறகே பவர் சப்ளை முழுமையாக ஓடத் தொடங்குகிறது.

இந்த வயர்கள் போர்டின் கீழ் மூலையில் ஊசி ஊசியாக இருக்கும் முனைகளில் மாட்டப்படுகின்றன. ஒரு முனை தள்ளி மாட்டினாலும் பொத்தான் வேலை செய்யாது. போர்டுக் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து மாட்டுவதே ஒரே வழி. பவர், ரீசெட் வயர்களை எப்படித் திருப்பி மாட்டினாலும் பரவாயில்லை. விளக்குகளுக்கான வயர்கள் மட்டும் நேர், எதிர் பார்த்து மாட்ட வேண்டியவை. ஒளியுமிழ் டையோடு ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தைக் கடத்தும் என்று நாம் கற்பிப்பதற்கு இது நேரடி எடுத்துக்காட்டு.

பொத்தானே பழுதா என்று அறிய, பொத்தான் வயரைக் கழற்றிவிட்டு, கையேடு காட்டும் இரண்டு பவர் முனைகளையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொடலாம். கணினி ஓடினால் போர்டு நலம். குறை பொத்தானிலோ அதன் வயரிலோதான். இங்கே இருப்பது மிகக் குறைந்த மின்னழுத்தம் என்பதால் ஆபத்தில்லை. ஆனால் நுனி பக்கத்து முனைகளில் படக் கூடாது. சிறிய மாணவர்கள் பெரியவர் துணையோடு செய்யட்டும்.

அறிகுறியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தல்

*ஒன்றுமே நடக்கவில்லை.* பின்புறச் சுவிட்ச், பியூஸ், 24 முனை இணைப்பு, பொத்தான் வயர் என்ற வரிசையில் பாருங்கள்.

*ஒரு விநாடி சுற்றி நின்றுவிடுகிறது.* எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டு, பவர் சப்ளை தன்னைத்தானே காத்துக்கொண்டிருக்கலாம். மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளில் ஒன்று துளையில்லாத இடத்தில் இருந்தால் அது போர்டின் பின்புறத்தைத் தொடும். தவறி விழுந்த ஒரு திருகாணியும் இதைச் செய்யும். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின்மேல் வைத்து, பிராசசர், அதன் விசிறி, ஒரு ராம் மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடாவிட்டால் காரணம் கேசிங்கில்தான் இருக்கிறது.

*ஓடுகிறது, திரை இருட்டு.* பிராசசரின் 8 முனை, ராம் இரண்டையும் பாருங்கள். பிறகு திரையின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா, மதர்போர்டில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு இருந்தால் கார்டில்தான் சொருக வேண்டும். டி.டி.ஆர்.5 ராம் உள்ள கணினி முதன்முறை ஓடும்போது ராமைச் சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கலாம். பொறுமையாக இருங்கள், நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

*விளையாடும்போது மட்டும் அணைகிறது.* வேலை கூடும்போது கிராபிக்ஸ் கார்டு அதிக மின்னோட்டம் கேட்கிறது. பவர் சப்ளையின் திறன் போதாமல் இருக்கலாம், கார்டின் இணைப்பு முழுதாக உட்காராமல் இருக்கலாம் அல்லது பிராசசர் அளவுக்கு மேல் சூடாகலாம். இணைப்பைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

*வீட்டு மின்சாரமே போகிறது.* பெட்டியில் எது விழுந்தது என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் மின்னோட்டம் மிகுதி அல்லது குறுக்குச்சுற்று. இ.எல்.சி.பி. என்று நாம் பழக்கத்தில் சொல்லும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் மின்கசிவு. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. விழுந்ததை மறுபடி மறுபடி தூக்கிவிட்டுச் சோதிப்பது கூடாது.

"தொட்டா சுருசுருன்னு இருக்கு, சார்"

இந்தப் புகாரைத்தான் எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கேட்க வேண்டும். கணினி நன்றாக ஓடும். ஆனால் கேசிங்கைத் தொட்டால் விரலில் ஊர்வதுபோல் இருக்கும். டெஸ்ட் பென் வைத்தால் மங்கலாக எரியும். "ஓடுது, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடுவார்கள்.

காரணம் இதுதான். பவர் சப்ளையின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் உள்ளன. ஒன்று உயிர்க்கம்பிக்கும் கேசிங்குக்கும் இடையே. மற்றொன்று நடுநிலைக்கம்பிக்கும் கேசிங்குக்கும் இடையே. எர்த் இருந்தால் அவற்றின் வழி வரும் சிறு மின்னோட்டம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் இரண்டு மின்தேக்கிகளும் மின்னழுத்தத்தைச் சமமாகப் பிரிக்க, கேசிங் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். அதிலிருந்து வரக்கூடிய மின்னோட்டம் பெரும்பாலும் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு. அதனால் சுருசுருப்போடு நிற்கிறது.

அந்தச் சுருசுருப்பு உங்களிடம் சொல்லும் செய்தி: இந்தக் கணினிக்கு எர்த் இல்லை. நாளைக்கு உள்ளே உயிர்க்கம்பியின் காப்புறை பழுதாகிக் கேசிங்கைத் தொட்டால், மின்னோட்டம் போக வழியில்லாததால் பியூஸும் உருகாது. அடுத்துத் தொடும் மனிதரின் உடலே தரைக்கு வழியாகிவிடும்.

எர்த் எப்படிக் காணாமல் போகிறது? இணையத்தில் வாங்கிய பவர் சப்ளையோடு வேறு நாட்டுப் பிளக் வரும். அதை மலிவான கன்வெர்ட்டரில் சொருகுவோம். இரண்டு உருண்டை முனை கொண்ட ஐரோப்பியப் பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. பல கன்வெர்ட்டர்கள் அந்தத் தகட்டைத் தொடுவதே இல்லை. சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவை விட்டு இரண்டு முனைப் பிளக்கைச் சொருகும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அந்தத் துளைதான் எர்த். கைப்பேசி சார்ஜரில் பிளாஸ்டிக் முனை இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பார்கள். சார்ஜர் இரட்டைக் காப்புறை கொண்டது. வெளியே தொடக்கூடிய உலோக உடல் அதற்கு இல்லை. கணினியின் கேசிங் உலோகம்.

தீர்வு எளிது. கன்வெர்ட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்று முனைப் பிளக் வார்க்கப்பட்ட கணினி வயர் ஒன்றை வாங்குங்கள். மலேசியாவில் சிரிம் முத்திரையும் சிங்கப்பூரில் சேஃப்டி மார்க்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் சுருசுருப்பு இருந்தால் குறை சாக்கெட்டின் எர்த்தில் இருக்கலாம். அதைப் பார்க்க வேண்டியவர் உரிமம் பெற்ற மின்பணியாளர். மாணவரும் அல்ல, ஆசிரியரும் அல்ல.

பள்ளிக் கணினிக்கூடத்திலும் இதே இயற்பியல் வேறு வடிவில் வரும். ஒவ்வொரு கணினியும் எர்த் வழியாக 1 மில்லியாம்பியர் கசியவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆர்.சி.சி.பி.யில் 20 கணினிகள் இருந்தால் மொத்தம் 20 மில்லியாம்பியர். 30 மில்லியாம்பியர் கருவி, 15க்கு மேல் எந்த இடத்திலும் விழலாம். எந்தக் கணினியும் பழுதில்லை; ஆனாலும் கூடம் இருட்டாகிவிடும். சுற்றுகளைப் பிரிப்பதே வழி. எர்த்தைக் கழற்றுவது வழியல்ல.

12 வோல்ட்டில் ஏன் வயர் சூடாகிறது?

ஒரு கிராபிக்ஸ் கார்டு 240 வாட் எடுக்கிறது என்போம். 12 வோல்ட்டில் அதற்கு வேண்டிய மின்னோட்டம் 240 ÷ 12 = 20 ஆம்பியர். அதே 240 வாட்டைச் சுவரில் 230 வோல்ட்டில் எடுத்தால் ஏறத்தாழ 1.04 ஆம்பியர்தான்.

இப்போது சரியாக உட்காராத ஓர் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை இருக்கட்டும்.

- 12 வோல்ட் பக்கம் வெப்பமாக வீணாவது: 20 × 20 × 0.05 = 20 வாட்
- 230 வோல்ட் பக்கம்: 1.04 × 1.04 × 0.05 = 0.05 வாட்

20 வாட் என்பது சிறிய பற்றவைப்புக் கருவியின் சூடு. பிளாஸ்டிக் இணைப்பு உருக அது போதும். மேலும் 20 × 0.05 = 1 வோல்ட் வழியிலேயே குறைந்து, கார்டுக்கு 11 வோல்ட்தான் போய்ச்சேரும். அது அனுமதிக்கப்பட்ட 11.4 வோல்ட்டுக்கும் கீழே. "விளையாடும்போது மட்டும் அணையுது" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீபகற்ப மலேசியாவின் மின்தொகுப்பில் 132, 275, 500 கிலோவோல்ட் பயன்படுத்துவதும் இதே கணக்கால்தான். அழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் அதன் இருபடிக்கு ஏற்ப வெப்ப இழப்பும் குறையும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்திவிடலாம். 750 வாட் பவர் சப்ளை எப்போதும் 750 வாட் எடுப்பதில்லை. பாகங்கள் கேட்பதை மட்டுமே தருகிறது. பெரியது வாங்கினால் அதற்கேற்ப மின்கட்டணம் ஏறிவிடும் என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

பயிற்சிக் கேள்விகள்

1. பியூஸும் சுவிட்சும் ஏன் உயிர்க்கம்பியில் பொருத்தப்படுகின்றன?
(விடைக்குறிப்பு: துண்டிக்கப்பட்டதும் கருவிக்குள் உயர் மின்னழுத்தம் இருக்கக் கூடாது. நடுநிலைக்கம்பியில் பொருத்தினால், கருவி நின்றாலும் அதனுள் உயிர்க்கம்பியின் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.)

2. ஒரு பவர் சப்ளையின் பயனுறுதிறன் 90 விழுக்காடு. அது பாகங்களுக்கு 450 வாட் தருகிறது. சுவரிலிருந்து எடுக்கும் திறன், வீணாகும் வெப்பம், 230 வோல்ட்டில் மின்னோட்டம் ஆகியவற்றைக் கணக்கிடுக. திறன் காரணியை 1 எனக் கொள்க.
(விடை: 500 வாட், 50 வாட், ஏறத்தாழ 2.17 ஆம்பியர்.)

3. கன்வெர்ட்டரில் சொருகிய கணினியின் கேசிங்கில் டெஸ்ட் பென் எரிகிறது. காரணத்தை விளக்கி, இரண்டு மாற்றங்களைப் பரிந்துரைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக.

4. மாணவர் ஒருவர் ஒரே நேரத்தில் ராமையும் பவர் வயரையும் மாற்றினார், கணினி ஓடியது. அவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஏன்? தற்சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுக.

ஆசிரியர்களுக்கு

வகுப்பில் 230 வோல்ட் பக்கத்தை எந்த மாணவரும் தொட வேண்டிய அவசியமில்லை. பழைய கணினி ஒன்றைப் பிளக்கோடு தொடர்பே இல்லாமல் மேசையில் வைத்து, ஏதேனும் ஓர் இணைப்பை நீங்களே கழற்றி வையுங்கள். மாணவர்கள் கண்ணால் பார்த்து மூன்று பகுதிகளில் எதில் குறை என்று கண்டுபிடிக்கட்டும். 'கண்டது, மாற்றியது, விளைந்தது' என்று மூன்று பத்திகள் போட்டுக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். எரிந்த வாடை, புகை, உருகிய பிளாஸ்டிக், கேசிங்கில் சுருசுருப்பு, மீண்டும் மீண்டும் விழும் ஆர்.சி.சி.பி. இவற்றில் எது இருந்தாலும் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். பவர் சப்ளையைக் கடைக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வயரிங்கை உரிமம் பெற்றவரை அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். மாணவர் தானாகச் செய்ய வேண்டிய ஒரே வேலை, உடனே நிறுத்துவது.